எதற்காக என்று அதில் இல்லை

ஜன்னலோரம் பிலோமினா டீச்சர், தட்டச்சுப் பொறிக்குப் பின்னால். எதிரே மர நாற்காலியில் தம்பி தவசிக்கண். அவனுக்குப் பக்கத்தில், தட்டச்சுப் பழக வருகிற பிள்ளைகளின் சாய்மானமில்லாத ஸ்டூலில் அவள்.

மேசையில் வக்கீல் நோட்டீஸ். அவள் கணவர் அனுப்பியது. விவாகரத்து வேண்டுமாம்.

முழுக்க ஆங்கிலம்.

டீச்சர் எதையும் வரிசையாகச் செய்கிறவர். கண்ணாடியைத் துடைத்தார். பென்சிலைச் சீவினார். பிறகுதான் படித்தார். அவளைப் பற்றிய வார்த்தைகளுக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தார்.

“நாகிங்னு போட்டிருக்கு. நச்சரிக்கிறது.”

பல் விளக்கிக்கொண்டிருந்தவரிடம், இன்னிக்காவது போவமா என்று கேட்டது.

“பெஸ்டரிங். அதுவும் அந்த மாதிரிதான். விடாம தொந்தரவு பண்றது.”

அவர் கடைக்கு போன் போட்டது. எடுக்காதபோது பக்கத்துக் கடைக்குப் போட்டது.

“ஹராஸிங்.”

“அதுக்கு என்ன டீச்சர்?”

“பாடாப் படுத்துறது.”

புகையிலைப் பொட்டலத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தது. அவர் வீடு முழுக்கத் தேடினார். அவள் வாயே திறக்கவில்லை.

“ப்ரொவோக்கிங். கோவத்தைக் கிளப்புறது. நாலு பேர் முன்னாடின்னு வேற போட்டிருக்கு.”

கடையில், சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால், வாயைத் திறங்க என்றது. கன்னத்தின் உள்பக்கத்துப் புண் பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அன்றைக்குத்தான் அவளைத் தவசிக்கண் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

“ஒரே குத்தத்துக்கு நாலு வார்த்தையா?” என்றான் தவசிக்கண். “வெள்ளக்காரனுக்கு வீட்டுல இதே சோலிதான் போல.”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கடைசிப் பக்கம் வரை போய், முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“எதுக்காக நீ நச்சரிச்சேன்னு ஒரு எடத்துலயும் இல்லையேம்மா.”

“இருக்காது டீச்சர்.”

சதை எடுத்துப் பார்க்கணும் என்று உள்ளூர் டாக்டர் சொன்னது தீபாவளிக்கு முன்னால். இப்போது மாங்காய் வந்துவிட்டது. ரசம்கூட எரிகிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறாராம். கொழுந்தன் பெண்டாட்டி சொன்னாள்.

“சூடா ஒரு பதில் போடுங்க டீச்சர். அந்தாளு யோக்கியதை அதுல தெரியணும்” என்றான் தவசிக்கண்.

டீச்சர் தாளைச் செருகினார். வக்கீலின் முகவரியைத் தேடினார்.

“வக்கீலுக்கு வேண்டாம். அவருக்கே. தமிழ்ல.”

“என்னன்னு போட?”

அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்னதெல்லாம் நெசம்னு போடுங்க.”

“யக்கா, உனக்கென்ன கிறுக்கா? ஒத்துக்கிட்டா அத்து விட்டுருவாரு.”

“விடட்டும்ல. உசுரோட இருந்து விடட்டும்.”

டீச்சர் தாளை நேராக்கினார்.

பிறகு அடித்தார்.

நீங்கள் சொன்ன நான்கும் உண்மை. கேட்டபடி விவாகரத்துக்குச் சம்மதம். செவ்வாய்க்கிழமை காலை மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் பேருக்குச் சீட்டுப் போட்டிருக்கிறேன். சீட்டு இத்துடன் இருக்கிறது. நான் வர மாட்டேன். உங்கள் தம்பியோடு போங்கள். அன்று காலையாவது புகையிலை வேண்டாம்.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று டீச்சர் கேட்டார்.

வேண்டாம் என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். மடியிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் சீட்டையும் கடிதத்தையும் சேர்த்து மடித்துக் கவருக்குள் வைத்தார். பசை தடவினார். ஓரத்தை அளவுகோலால் அழுத்தினார்.

தபால் ஆபீசில் கூட்டமில்லை. கவுண்டரில் இருந்தவர் ஸ்பீட் போஸ்ட் ஸ்டிக்கரை ஒட்டினார்.

“செவ்வாய்க்கு முந்திப் போயிருமாங்க?”

“போயிரும்.”

கவரைப் பின்னாலிருந்த பையில் போட்டார். அவள் நகரவில்லை.

“இன்னிக்கு வண்டியிலயே ஏத்திருவீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சொன்னேன்லம்மா. எத்தன தடவ கேப்பீங்க?”

தவசிக்கண் அவள் முழங்கையைப் பிடித்தான்.

அவள் இன்னொரு தடவை கேட்டாள்.