இரண்டரை கிலோ

அடையாற்றில் ஒரு மூன்றாம் மாடி வீடு. செங்குத்தான மலையில் வேட்டைக்குப் போகிறவர்கள் இலேசான ரைஃபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக ஃபராஸ் லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருக்கிறான். துப்பாக்கியை அவன் தொட்டதுகூட இல்லை. 'மூன்று கிலோவைத் தாண்டினால் ஏற்றத்தில் தோள் கழன்றுவிடும்' என்று தட்டி முடிக்கும்போது, தண்ணீர் கேன் போடும் அங்கமுத்து வாசலில் மூச்சு வாங்குகிறார். லிஃப்ட் ரிப்பேர். இருபது லிட்டர் கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தவரின் கண் திரையில் இருக்கும் படத்துக்குப் போகிறது. "இன்னா தம்பி, துப்பாக்கியா? எத்தினி கிலோ வரும்?" "ரெண்டரை கிலோண்ணே." "அவ்ளோதானா?" கேலி துளியும் இல்லாத அந்த வியப்பில் ஃபராஸின் காது மடல் சுடுகிறது. அங்கமுத்து துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். "இன்னொரு கேன் கீழ கீது, எத்துகினு வந்துர்றேன்." செருப்புச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, "நானும் வரட்டுமாண்ணே?" என்று மெல்லக் கேட்கிறான் ஃபராஸ்.