முதல் குண்டு

ஓஹையோவின் காலை வெயில் கராஜ் ஜன்னல் வழியாக, துப்பாக்கிக் குண்டு அழுத்தும் கார்பைடு அச்சின் துளைக்குள் விழுகிறது. வைரப்பசை தடவித் தேய்த்து அதை ஒரு மயிரிழை அளவு மட்டும் கூடுதல் அகலமாக்க டெல்மருக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. அகலம் கூடிப்போனால் அச்சு குப்பைக்குத்தான், சனிக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டிக்கு வேறு அச்சும் இல்லை. அழுத்தி எடுத்த முதல் குண்டை மைக்ரோமீட்டரில் வைத்தவன் முகம் வெளிறுகிறது. "கூடிப்போச்சு வெர்னா." மனைவி குண்டை வாங்கி விரலில் உருட்டுகிறாள். வழுக்குகிறது. "அழுத்துறதுக்கு முன்னாடி தடவின கொழுப்பைத் துடைச்சியா?" அவள் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மைக்ரோமீட்டரில் வைத்து, அதன் திருகை மெல்ல முடுக்குகிறாள். "நீ கேட்ட அளவுதான். போய் உட்காரு." டெல்மர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்கிறான். ஆறிப்போன காப்பிகூட அமிர்தமாக இறங்குகிறது. "இன்னும் ஒரே ஒரு தடவை தேய்ச்சா…" கை தானாகப் பசையை நோக்கி நீள்கிறது. வெர்னா டப்பியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.