கொழுந்துக் கம்பி

"கம்பி விசயத்த தன்னோட யோசனைன்னு துரைகிட்டச் சொல்லிட்டாருப்பா கண்டாக்கையா."

தோட்டத்தை ஆளும் துரையின் பங்களாவில் சமைக்கும் மாயாண்டி இதைச் சொன்னதும் ஆண்டியப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. அங்கே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது ஏசமாட்டார். "இதை லேசாச் செய்ய வழி இருந்தாச் சொல்லுங்கோ, பிழை வந்தாலும் பரவாயில்லை" என்பார்.

அந்தப் பேச்சை நம்பித்தான் ஆண்டியப்பன் வாயைத் திறந்தான். மேல்மலையிலிருந்து கொழுந்துச் சாக்கை முதுகொடியச் சுமந்து இறங்குவானேன்? ஒரு கம்பி கட்டிச் சாக்கை அதில் தொங்கவிட்டால், தானே கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோர் வாசலுக்கு ஓடி வந்துவிடாதா?

கண்டாக்கு கம்பி வாங்கிக் கொடுத்தார். கட்ட ஆள் கொடுத்தார். கடைசியில் பேரை மட்டும் அமுக்கிக்கொண்டாரே!

வெள்ளோட்டம் பார்க்க வெள்ளைக்காரத் துரை கீழே வந்து நின்றார். மேலே சாக்கைக் கட்டியவன் ஆண்டியப்பன். முடிச்சை வேண்டுமென்றே தளர்த்திப் போட்டான்.

ஓடி வந்த சாக்கு அவிழ்ந்து, துரையின் காலடியில் விழுந்து சிதறியது. துரை கொஞ்சம் முன்னால் நின்றிருந்தால் மண்டை போயிருக்கும்.

யார் யோசனை என்று அவர் கத்த, என்னுடையதுதான் என்றார் கண்டாக்கு. அன்றைக்கே வேலை போயிற்று.

சாயந்தரம் அவருடைய பெட்டியைத் தூக்க ஆண்டியப்பனே போனான். குத்திக் காட்டாமல் விட மனசில்லை.

"அடுத்தவன் யோசனைய எடுத்துக்கிட்டா இப்புடித்தான் ஆகுமுங்க, ஐயா."

துரைராசா கோபப்படவில்லை.

"முதல் ஓட்டத்தில பிழை வரும் எண்டு தெரியும். உன்ர பேரைச் சொல்லியிருந்தா துரை உன்னை வேலையால நிப்பாட்டிப் பத்துச்சீட்டுத் தந்து, குடியிருக்கிற லயத்தை விட்டே கலைச்சிருப்பார். பிள்ளையளோட எங்க போவாய்? எனக்கு வேற தோட்டம் கிடைக்கும். நல்லா ஓடியிருந்தா உன்னைக் கூப்பிட்டுத் துரைக்கு முன்னால நிறுத்த இருந்தனான்."

பெட்டியை லொறியில் ஏற்றும்போது அவர் முகத்தைப் பார்க்கக்கூட ஆண்டியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. முடிச்சைத் தளர்த்தியதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். அதற்கும் தைரியம் வரவில்லை.

லொறி கிளம்பியதும் துரைராசா தலையை வெளியே நீட்டினார்.

"கம்பியில பிழை இல்லை, ஆண்டியப்பன். அடுத்த துரை வரேக்க திரும்பச் செய்து பார். முடிச்சை மட்டும் இறுக்கிப் போடு."