மூன்று வருட வாரண்டி

"ஒரு அயர்ன் பாக்ஸுக்கு மூணு வருஷ வாரண்டியா? ஏங்க, எனக்கே அவ்வளவு கியாரண்டி கிடையாதுங்க!"

வாடிக்கையாளர் சொன்ன விதத்தில், பில் போடும் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து நின்றதில் குதிகால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன.

"ஒரு வருஷம் கம்பெனி தரும் சார். அதுக்கு மேல ரெண்டு வருஷத்துக்கு நம்ம கடை பொறுப்பு. தனியா ஒரு சின்னத் தொகை கட்டினாப் போதும்." மனப்பாடம் செய்த பாட்டாக வந்தது.

"கை தவறிக் கீழ விழுந்தா?"

"அதுக்கு வராது சார்."

"வயர் அறுந்தா?"

"வராது."

"தண்ணி பட்டா?"

"அதுக்கும்... வராது சார்."

"அப்போ எதுக்குத்தாங்க வரும்?"

"அதுவா கெட்டுப் போனா வரும் சார்."

"அது எப்போ அதுவா கெட்டுப் போகும்? வாரண்டி முடிஞ்ச மறுநாள்தானே?"

பில் போடும் பெண் மறுபடி சிரித்தாள். சற்றுத் தள்ளி, டிவிகள் வரிசையாக மின்னும் சுவரோரம் நின்ற சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விற்பனைப் பெண்ணின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது. கடையில் இவளுக்கு 'அரிச்சந்திரி' என்று பட்டப்பெயர். இன்று மதியம்கூட டிவி வாங்க வந்த ஒரு பெரியம்மா, "ஏம்மா, இந்த எக்ஸ்ட்ரா வாரண்டி அவசியம் வேணுமா?" என்று கேட்டதும், இவள் வாய் சும்மா இருக்கவில்லை. "கோளாறு இருந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துலயே தெரிஞ்சிடும்மா. அதுக்குக் கம்பெனியே பொறுப்பு" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். பெரியம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, வாரண்டி வாங்காமல் போனார்.

சூப்பர்வைசர் அதன்பிறகு பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீங்க கடையில வேலை பாக்குறீங்களா, கோர்ட்டுல சாட்சி சொல்றீங்களா? இன்னைக்கு மாசக் கடைசி. இன்னும் ஒரு வாரண்டி விக்கலைன்னா உங்க பேரு மேல போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

மேலே போன பெயர் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. போன மாதம் ஃபேன் பிரிவில் இருந்தவளைக் குடோனுக்கு மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் குடோனிலிருந்து வீட்டுக்கு.

சாயங்காலம் முழுக்க வந்தவர்கள் எல்லாரும் ஏசியின் குளிர்ச்சிக்காக வந்தவர்களாகவே இருந்தார்கள். கடைசியில் வந்தவர் இந்த ஒருவர்தான். இவரும் கைநழுவினால் அவ்வளவுதான்.

"நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா?" வாடிக்கையாளர் பேச்சை மாற்றினார். குரல் தணிந்திருந்தது.

"பழகிடுச்சு சார்."

"உக்காரக் கூடாதா?"

"கேமரா இருக்கு சார்."

அவர் அயர்ன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டைக் காலர் நைந்து நூல் பிரிந்திருந்தது. இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சட்டை வாங்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அரிச்சந்திரிக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

சூப்பர்வைசர் நகர்ந்து நகர்ந்து பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"என்ன சார், என்ன யோசனை?"

"இல்லீங்க... வாரண்டின்னா கொஞ்சம் கூடுதல் செலவு. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்," என்றாள் அவள் அவசரமாக. குரல் லேசாக உடைந்தது.

"அதானே! மேடமே சொல்றாங்க, அப்புறம் என்ன? தாராளமா எடுத்துக்கோங்க," என்றார் சூப்பர்வைசர்.

வாடிக்கையாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, போடுங்க. அந்த வாரண்டியையும் சேர்த்தே போடுங்க."

பில் வந்தது. வாரண்டி அட்டையில் முத்திரை விழுந்தது. அவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளியபடி வெளியேறினார். அவள் தலை நிமிரவே இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒன்றை ஒரு நல்ல மனிதரின் தலையில் கட்டியாகிவிட்டது. பிழைப்பு நடக்கும், இன்றிரவு தூக்கம்தான் நடக்காது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை, "ஒரு நிமிஷம்மா," என்று நிறுத்தினார் சூப்பர்வைசர்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நாள் முழுக்க விறைப்பாக இருந்த தோள்கள் அப்போதுதான் தளர்ந்தன. அருகில் பார்க்கையில், அவர் கண்களுக்குக் கீழேயும் கருவளையம் விழுந்திருந்தது.

"இந்த மாசமும் எப்படியோ தப்பிச்சோம். ஆனா அடுத்த மாசம் உங்க வீட்டுக்காரரை அனுப்பாதீங்கம்மா. இது மூணாவது அயர்ன் பாக்ஸ். கேமரா பாக்குறவங்களுக்கு முகம் பழகிடும்."

அவர் ஷட்டரை இழுத்துக்கொண்டே சொன்னார்:

"உங்க கவுன்டருக்கு என் சம்சாரத்தை அனுப்புறேன். போன மாசம் பக்கத்து கவுன்டர்ல வாங்கினதும் அவதான்."