மிதவையின் வயிறு

விஸ்கி தயாரிக்கிற இடத்தில் ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. வயிற்றில் ஈயக்குண்டு, கழுத்தில் கோடுகள். சரக்கு கடுமையாக இருந்தால் அது கழுத்துவரை முங்கும். தண்ணீர் கூடினால் மேலே எழும்பும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

அன்றைக்குத் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு, மிதவையை உள்ளே விட்டார்கள். வழக்கமான கோட்டைத் தாண்டி எழும்பி நின்றது.

“யாரு தண்ணி ஊத்துனது?” என்று கேட்டது மிதவை.

“நான் இல்லப்பா,” என்றது தொட்டிமேல் இருந்த தண்ணீர்க் குழாய். “நீதான் வளந்துட்ட.”

“கண்ணாடி எங்கடா வளரும்? உன் மூக்கு இன்னும் சொட்டுது.”

பீப்பாய் குறுக்கே வந்தது. “காலி பாட்டிலுங்க வாசல் வரைக்கும் வரிசைல நிக்குது. எல்லாத்துக்கும் நான் எப்படிப் பத்துவேன்? கொஞ்சம் முங்கி நில்லு. இல்லன்னா உன்னத் தூக்கிடுவாங்க.”

மிதவைக்குப் பயம்தான். மூச்சைப் பிடித்து அழுத்திப் பார்த்தது. முங்க வரவில்லை.

மறுநாள் அதை அலமாரியில் படுக்கவைத்துவிட்டு, புது மிதவை ஒன்றைக் குடுவைக்குள் விட்டார்கள். அது பழைய கோட்டிலேயே கச்சிதமாக நின்றது.

“பாத்தியா, இப்ப சரியா இருக்கு,” என்றது குழாய், சொட்டிக்கொண்டே.

பழைய மிதவை குடுவைக்குள் உற்றுப் பார்த்தது.

“தம்பி, உன் வயிறு ஏன் இப்படி இருக்கு?”

“ரெண்டு ஈயக்குண்டு கூடப் போட்டாங்கண்ணே,” என்றது புதியது. “ஏன்னு நான் கேக்கல.”