நாளைய வாசகம்

"செத்தவரு நாலு நாள் கழிச்சு எந்திரிச்சு வந்தாருன்னு நாளைக்குக் கோயில்ல வாசிக்கப் போறீங்களாமே, நெசமாவா உபதேசியாரே?"

வாசலில் ருக்கு நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள். மாதா கோயில் படி ஏறியது இதுதான் முதல் தடவை. அவள் புருஷன் முத்துவீரன் மீன் பிடிக்கப் போன டிங்கிப் படகு கவிழ்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கோஸ்ட் கார்டும் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டது.

அந்தத் தீவுக்குச் சாமியார் கப்பலேறி வருவது எப்போதாவதுதான். மற்ற ஞாயிறுகளில் வாசகம் படித்து விளக்கம் சொல்வது உபதேசியார் தம்பையாவின் வேலை.

"ஆமாம்மா. இலாசர்னு பேரு. இயேசு கூப்பிட்டதும் கல்லறைய விட்டு வெளிய வந்தாரு."

"அத விட்டுட்டு வேற ஏதாச்சும் வாசிக்கக் கூடாதா?"

"நம்ம கையில இல்லம்மா. எந்த ஞாயித்துக்கு எந்த வாசகம்னு முன்னாடியே வகுத்து வச்சிருக்கு. நாளைக்கு ஊர் உலகமெல்லாம் இதைத்தான் வாசிக்கும்."

பாவம், காதால் கேட்கக்கூட இவளால் தாங்க முடியவில்லை என்று தம்பையா நினைத்தார். அவருக்கு மட்டும் என்ன வாழ்ந்ததாம்? சுனாமியில் மனைவியைக் கடல் கொண்டுபோனது, உடல்கூடக் கிடைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இந்த வாசகம் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கும். இலாசரை எழுப்பத் தெரிந்தவருக்கு என் பெண்டாட்டி கண்ணில் படவில்லையா என்று ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு பீடத்தருகே நின்று நம்பிக்கையைப் பற்றிப் பேசுவார். அதில் ஒரு வார்த்தைகூட அவருக்கே ஒட்டாது.

"கடல்ல போனவங்களும் அப்படி வருவாங்களா?" ருக்குவின் குரல் நடுங்கியது.

நம்பு, வருவான் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நா எழவில்லை.

"வரமாட்டாங்கம்மா. இருபது வருஷமா நானும் பாத்துட்டேன். யாரும் வரல."

"பக்காவா?"

"பக்கா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் அழுதாள். ஒரு பெண்ணின் கடைசி நம்பிக்கையையும் பிடுங்கிப் போட்டுவிட்டேனே, நானும் ஒரு உபதேசியாரா என்று தம்பையா நொந்துபோனார்.

போன் அடித்தது. படகுத்துறை ஊழியர் கோவிந்தராஜ். கேட்டு முடித்ததும் தம்பையா அவள் பக்கம் திரும்பினார்.

"ருக்கு, கவுந்த டிங்கியப் புடிச்சுக் கெடந்தவன ஒரு சரக்குக் கப்பல் தூக்கிருச்சாம். பக்கத்துத் தீவு கமோர்ட்டா ஆஸ்பத்திரியில உன் புருஷன் நல்லா இருக்கானாம். நாளைக்குக் காலையில போட்ல வர்றான்மா."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசகத்தை அவர் நம்பினார்.

ருக்குவின் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இந்த ஒரு வாரந்தான் நானும் புள்ளயும் அடி உதை இல்லாமத் தூங்குனோம்" என்றாள். "போட் வர்றதுக்குள்ள எங்கள எங்கேயாச்சும் ஒளிச்சு வைங்கய்யா."