ஆடி மாத முகூர்த்தம்

ஒரு மாதமாக சாய்நாத் எழுதித் தந்த புரோகிராமில் பிழையே இல்லை.

அதுதான் மேனேஜர் சாருலதாவை உறுத்தியது.

அதற்கு முன்பு வாரம் தவறாமல் ஏதாவது இருக்கும். கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு செய்கிற செயலி அது. ஆடி மாதம் பூராவும் முகூர்த்த நாள் என்று காட்டும். மாப்பிள்ளை பெயரைக் கேட்க வேண்டிய இடத்தில் சமையல்காரர் பெயரைக் கேட்கும்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன் கவனக்குறைவாகச் செய்கிற தப்பா இது?

ஒவ்வொரு தடவையும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஸஹானா என்ற ஒரே டெஸ்டர். இருவரும் ஒப்பந்த ஊழியர்கள். வெவ்வேறு ஏஜென்சி மூலம் வந்தவர்கள். வீட்டிலிருந்தே வேலை. அலுவலகத்தில் யாரும் அவர்களை நேரில் பார்த்ததில்லை.

மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்த வரை இப்படி எதுவும் வரவில்லை. போன வருஷம் நிர்வாகம் முறையை மாற்றியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று இப்போது கேட்பதில்லை. எழுதுகிறவருக்கு முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம். டெஸ்டருக்குக் கண்டுபிடித்த பிழைக்குப் பணம்.

ஆடி மாத முகூர்த்தங்கள் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தன.

"ரோட்ல ஆணியைப் போட்டுட்டுப் பக்கத்துலயே பஞ்சர் கடை வெச்ச கதை மேடம் இது" என்றார் கணக்குப் பிரிவு துரைராஜ்.

அவர் அப்படிச் சொன்ன வாரத்தோடு பிழைகள் நின்றன. ஸஹானாவிடமிருந்தும் சத்தமே இல்லை. யாரோ விஷயத்தை அவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி சாய்நாத்தை தி. நகர் அலுவலகத்துக்கு வரவழைத்தாள்.

வேளச்சேரியிலிருந்து வந்திருந்தான். முப்பது வயது இருக்கும். வைத்த காபியைத் தொடவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. ஒப்பந்தத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஸஹானா உங்களுக்கு யாரு?"

"வைஃப்."

மழுப்புவான் என்று நினைத்திருந்தாள்.

"அப்போ அந்தத் தப்பெல்லாம்?"

"நான் வெச்சதுதான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவன் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்று பட்டது.

"எவ்வளவு தேறிச்சு ரெண்டு பேருக்கும்?"

அவன் மேஜையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவளால உட்கார முடியாது மேடம். படுத்துக்கிட்டே ஃபோன்லதான் பார்ப்பா. ஒண்ணு கிடைச்சுதுன்னா, எந்த முட்டாள் எழுதினதுன்னு என்கிட்டயே காட்டிச் சிரிப்பா. எழுதினது நான்னு சொன்னதில்லை. அன்னைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவா."

அடுத்த கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"இப்ப ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவ போயிட்டா. இனிமே யாருக்கு வைக்கிறது?"

துரைராஜ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் கையசைத்து அனுப்பினாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப வெச்சது ஒண்ணு மட்டும் இன்னும் உள்ளேயே இருக்கு" என்றான். "அதை அவ பார்க்கல."

சாருலதா பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

"எங்கேன்னு மட்டும் சொல்லுங்க, எடுத்துடலாம். வேற எதையும் நான் மேலே சொல்லப் போறதில்லை. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

முதல் தடவையாக அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

பிறகு, "அது அவளுக்கு வெச்சது மேடம், அங்கேயே இருக்கட்டும்" என்று கையெழுத்தில்லாத தாளை அவள் பக்கமே திருப்பி நகர்த்தினான்.